விளம்பரத்தில் ஒரு விலை, பணம் கட்டும்போது வேறு விலை: விமான டிக்கெட்டில் வரியை எங்கே காட்ட வேண்டும்?

அமெரிக்காவுக்குள் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போக வேண்டும். இரண்டு டிக்கெட்டுகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஒன்று நேரடி விமானம். அதன் அடிப்படைக் கட்டணம் 50 டாலர். மற்றொன்று வழியில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டியது. அதன் அடிப்படைக் கட்டணம் 44 டாலர். நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, ஆறு டாலர் மிச்சமாகிறதே என்று நினைப்பவர் இரண்டாவதைத்தான் எடுப்பார்.

இப்போது அந்நாட்டின் வரிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். உள்நாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசின் வரி கட்டணத்தில் 7.5 சதவீதம். அதற்கு மேல், ஒவ்வொரு முறை விமானம் ஏறிப் பறக்கும் கட்டத்துக்கும் 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி 5.20 டாலர். பாதுகாப்புச் சோதனைக்கான கட்டணம் ஒரு வழிப் பயணத்துக்கு 5.60 டாலர். கடைசியாக, பயணி விமானம் ஏறும் ஒவ்வொரு விமான நிலையமும் தன் கட்டடங்களுக்காகவும் ஓடுபாதைகளுக்காகவும் வசூலிக்கும் வசதிக் கட்டணம், இது 4.50 டாலர் வரை போகலாம், பெரிய நிலையங்கள் பலவும் அந்த உச்ச அளவையே வாங்குகின்றன.

நேரடி விமானத்துக்கு இவையெல்லாம் சேர்ந்து 69.05 டாலர் ஆகிறது. மாறிப் போகும் விமானத்தில் பறக்கும் கட்டங்கள் இரண்டு, ஏறும் நிலையங்களும் இரண்டு. அதனால் மொத்தம் 72.30 டாலர். மலிவு என்று நினைத்து எடுத்தது மூன்று டாலருக்கு மேல் அதிகம். நேரமும் போயிற்று, பணமும் போயிற்று. இத்தனைக்கும் இரண்டு நிறுவனங்களும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவை சொன்ன அடிப்படைக் கட்டணம் உண்மையானதுதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு பயணியால் சரியான முடிவை எடுக்க முடியவில்லை.

விமான டிக்கெட்டின் விளம்பர விலையில் வரிகளும் கட்டாயக் கட்டணங்களும் சேர்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும் இந்தக் கேள்விக்காக அமெரிக்காவில் அரசுத் துறையும் விமான நிறுவனங்களும் நீதிமன்றம் வரை போய் மோதியிருக்கின்றன. நாடாளுமன்றத்தில் எதிரெதிர் மசோதாக்கள் வந்திருக்கின்றன. சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை ஏன் சொல்கிறேன் என்பதை, மறுதரப்பின் வாதங்களையும் வைத்துக்கொண்டே விளக்கப் பார்க்கிறேன்.

டிக்கெட் விலைக்குள் என்னென்ன இருக்கின்றன?

ஒரு டிக்கெட்டுக்கு நாம் கொடுக்கும் பணத்தை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் வகை, நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் கட்டணம். இரண்டாவது, அரசும் விமான நிலையமும் விதித்து, நிறுவனம் வசூலித்துக் கொடுக்கும் வரிகளும் கட்டணங்களும். மூன்றாவது, பயணி விரும்பினால் வாங்கிக்கொள்ளும் சேவைகளுக்கான பணம்: பெட்டி அனுப்புவது, விருப்பமான இருக்கை, சாப்பாடு போன்றவை.

முதல் இரண்டையும் தவிர்க்க முடியாது. அவற்றைக் கொடுக்காமல் விமானத்தில் ஏற வழியே இல்லை. மூன்றாவதைத் தவிர்க்கலாம், குறைந்தபட்சம் ஏட்டளவிலாவது. இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைகள் பெரும்பாலும் இதை எங்கே போடுவது என்பதைப் பற்றியவைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முதல் வகைக்குள்ளேயே நிறுவனங்கள் ஒரு பகுதியைப் பிரித்து 'எரிபொருள் சர்சார்ஜ்' என்றோ வேறு பெயரிலோ தனியாகக் காட்டுவது உண்டு, குறிப்பாக வெளிநாட்டுப் பயணங்களில். ரசீதில் அது வரிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் அதையும் அரசு வாங்கிய பணம் என்று எண்ணிக்கொள்வார். அது முழுக்க முழுக்க நிறுவனத்தின் கல்லாவுக்குப் போகும் பணம். ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பது போலத்தான் எரிபொருள் வாங்குவதும். தொழில் நடத்துபவரின் செலவு அது. இதைத் தனியே எழுதுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அரசு வாங்கும் தொகையும் அற்பமானதல்ல. முதலில் போட்ட கணக்கில் 50 டாலர் டிக்கெட்டின் மேல் 19 டாலருக்கு மேல் ஏறியதைப் பார்த்தோம். கட்டணம் குறையக் குறைய, தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படும் தொகைகளின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும். வெளிநாட்டுப் பயணத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சாதாரண வகுப்பில் புறப்படும் ஒருவருக்குப் பிரிட்டன் அரசு விதிக்கும் பயணிகள் வரி மட்டும் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 90 பவுண்ட். அந்தத் தொகையை மறைத்துக்கொண்டு சொல்லப்படும் விலை, விலையின் ஒரு பகுதிதான்.

2012க்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் விலையைத் தாங்களே முடிவு செய்யலாம் என்றானது. ஆனால் பயணிகளை ஏமாற்றும் நடைமுறைகளைத் தடுக்கும் அதிகாரத்தை அரசு கைவிடவில்லை. இன்று அந்த அதிகாரம் போக்குவரத்துத் துறையிடம் இருக்கிறது. கட்ட வேண்டிய முழு விலையைத்தான் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று 1984இலேயே ஒரு விதி எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்பட்ட விதி ஒன்று, நடைமுறை வேறொன்று. சதவீத வரியையும் எரிபொருள் சர்சார்ஜையும் விலைக்குள் சேர்க்க வேண்டும், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று அரசு விதிக்கும் தொகைகளை மட்டும் வெளியே வைத்து, விளம்பரத்தில் அதைக் குறிப்பிட்டுவிட்டால் போதும் என்று துறை நெடுங்காலம் விட்டுக்கொடுத்தது. கொட்டை எழுத்தில் ஒரு தொகை, கீழே பொடி எழுத்தில் 'வரிகள் தனி' என்ற வரி என்னும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. இணையத்தில் டிக்கெட் வாங்கும் காலம் வந்தபோது அந்தப் பொடி எழுத்து அடுத்தடுத்த பக்கங்களுக்குத் தள்ளிப் போயிற்று.

2011 ஏப்ரலில் துறை அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. 2012 ஜனவரி 26 முதல், அமெரிக்காவில் டிக்கெட் விற்கும் எந்த நிறுவனமானாலும், அது வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், பயண முகவராக இருந்தாலும், விலை என்று ஒன்றைச் சொன்னால் அது பயணி கட்டப்போகும் முழுத் தொகையாக இருக்க வேண்டும் என்றானது. வரி விவரத்தைப் பிரித்துக் காட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பிரிப்பு மொத்த விலையைவிடப் பெரிதாகவோ அதற்கு இணையாகவோ தெரியக் கூடாது. அத்துடன், பயணக் காப்பீடு போன்ற சேவைகளை முன்கூட்டியே டிக் செய்து வைத்து, வேண்டாதவர் நீக்கிக்கொள்ளட்டும் என்று விடுவதும் தடைசெய்யப்பட்டது.

நிறுவனங்கள் என்ன சொல்லி எதிர்த்தன?

ஸ்பிரிட், அலெஜியண்ட், சவுத்வெஸ்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. அவற்றின் வாதங்களை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. அவற்றில் ஒன்று உண்மையிலேயே கனமானது.

எளிய வாதத்தை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் துணிக்கடையில் சட்டையின் மேல் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி இருக்காது. பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். சட்டைக்கு இல்லாத விதி விமானத்துக்கு மட்டும் ஏன் என்பது கேள்வி. வாங்கும் பொருளின் உறையிலேயே 'அனைத்து வரிகளும் உட்பட' என்று அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பார்த்து வளர்ந்த இந்தியருக்கு அமெரிக்கக் கடைப் பழக்கமே விசித்திரமாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்த ஒப்பீடு நிற்காது. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு கடைகளில் சட்டைக்கு விற்பனை வரி ஒரே விகிதம்தான். வரியைச் சேர்க்காமல் ஒப்பிட்டாலும் மலிவான சட்டை மலிவாகவேதான் இருக்கும். விமான டிக்கெட்டில் அப்படி இல்லை. எத்தனை முறை மாற வேண்டும், எந்த நிலையம் வழியாகப் போகிறது, எந்த நாட்டின் மண்ணைத் தொடுகிறது என்பதற்கேற்ப வரி மாறுகிறது. அதனால்தான் 44 டாலர் டிக்கெட் 50 டாலர் டிக்கெட்டைத் தாண்டிப் போயிற்று. பயணி மனக்கணக்காகப் போடக்கூடிய கணக்கு அல்ல இது. நிறுவனத்தின் கணினிக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கனமான வாதம் வேறு. வரிகளை மொத்த விலைக்குள் கரைத்துவிட்டால், அரசு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது மக்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். நாளை அரசு வரியை ஏற்றினால் பழி நிறுவனத்தின் மேல் விழும் என்றன நிறுவனங்கள். வரியைப் பற்றி மக்களிடம் உரக்கப் பேசும் உரிமை தங்களுக்கு உண்டு, எழுத்தின் அளவைக்கூட அரசு கட்டுப்படுத்துவது பேச்சுரிமையைப் பறிப்பது என்றும் வாதிட்டன. அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் கட்டணம் அதற்கு நல்ல சான்று. ஒரு முறை விமானம் ஏற 2.50 டாலர், ஒரு வழிக்கு அதிகபட்சம் 5 டாலர் என்றிருந்தது அது. 2014 ஜூலையில் ஒரு வழிக்கு 5.60 டாலர் என்று ஏற்றப்பட்டது. ஏற்றியதில் ஒரு பகுதி பாதுகாப்புக்குக்கூடப் போகவில்லை. அரசின் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்கத் திருப்பிவிடப்பட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் வாங்கி வேறொன்றுக்குச் செலவிடுவதைக் குடிமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் நான் நிறுவனங்களின் பக்கம்தான்.

ஆனால் அந்தத் தகவலைச் சொல்வதற்கும், விலையைக் குறைத்துக் காட்டுவதற்கும் என்ன தொடர்பு? '69.05 டாலர், இதில் 19.05 டாலர் அரசுக்கும் விமான நிலையத்துக்கும்' என்று எழுதினால் வரியும் தெரிகிறது, விலையும் தெரிகிறது. இதை அந்த விதி அனுமதித்தே இருந்தது. அரசின் பங்கை மக்களுக்குச் சொல்வதுதான் நோக்கம் என்றால் இதைவிடத் தெளிவான வழி கிடையாது. '50 டாலர்' என்பதை மட்டும் பெரிதாக எழுதும் விளம்பரத்தில் வரி எவ்வளவு என்ற தகவலே கண்ணில் படுவதில்லை. வரியைப் பற்றிக் குரல் எழுப்புவதாகச் சொல்லிக்கொண்டு வரியையே அது ஒளித்துவைக்கிறது.

2012 ஜூலை 24 அன்று தலைநகர் வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அரசின் விதியை ஏற்றுத் தீர்ப்பளித்தது. நீதிபதி டேவிட் டேட்டல் எழுதிய தீர்ப்பு, வணிக விளம்பரத்தில் ஏமாற்றத்தைத் தடுக்கும் அதிகாரம் துறைக்கு இருக்கிறது, வரியைப் பற்றிப் பேசுவதை இந்த விதி தடுக்கவில்லை என்ற அடிப்படையில் அமைந்தது. நீதிபதி ரேமண்ட் ரேண்டால்ஃப் மாறுபட்டார். வரியைப் பெரிய எழுத்தில் எழுதக் கூடாது என்று அரசு சொல்வது பேச்சின் மீதான கட்டுப்பாடே என்பது அவர் நிலை. எழுத்தின் அளவு பற்றிய அந்த ஒரு புள்ளியில் அவர் கவலையில் பொருள் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் மொத்த விலையை முன்னால் வை என்ற அடிப்படைக் கட்டளையை அந்தக் கவலை அசைக்கவில்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

நீதிமன்றத்தில் தோற்றதை நாடாளுமன்றத்தில் வெல்லப் பார்த்தார்கள். கட்டண வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்ற பொருளில் பெயரிடப்பட்ட ஒரு மசோதாவைக் குடியரசுக் கட்சியின் பில் ஷஸ்டர் 2014இல் கொண்டுவந்தார். அடிப்படைக் கட்டணத்தை மட்டும் விளம்பரப்படுத்தலாம், வரியையும் மொத்தத்தையும் ஓர் இணைப்பின் பின்னாலோ துள்ளி எழும் சிறு சாளரத்திலோ காட்டினால் போதும் என்பது அதன் சாரம். பெயரில் இருந்த வெளிப்படைத்தன்மை உள்ளே இல்லை. விமான நிறுவனங்களின் சங்கம் ஆதரித்தது. நுகர்வோர் அமைப்புகளும் பயண முகவர் சங்கமும் எதிர்த்தன. பாதுகாப்புக் கட்டணம் ஏறிய ஒரே வாரத்தில், ஜூலை 28 அன்று, பிரதிநிதிகள் சபை குரல் வாக்கெடுப்பில் அதை நிறைவேற்றிவிட்டது. செனட்டில் அது நகரவில்லை. விலையை மறைக்கும் நிறுவனங்களுக்கான அபராதத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று செனட்டர் ராபர்ட் மெனண்டஸ் அங்கே எதிர் மசோதா ஒன்றையே வைத்திருந்தார். இரண்டும் சட்டமாகவில்லை, 2012 விதியே தொடர்ந்தது.

வரியே இல்லாத இரண்டு வாரங்கள்

இந்த விவாதத்தில் என் மனத்தை முடிவாக ஒரு பக்கம் சாய்த்த நிகழ்வு 2011 கோடையில் நடந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கான அனுமதிச் சட்டத்தை நாடாளுமன்றம் உரிய நேரத்தில் நீட்டிக்கத் தவறியது. அதன் விளைவாக ஜூலை 23 முதல் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு 7.5 சதவீத வரியையும் பறக்கும் கட்டத்துக்கான கட்டணத்தையும் வசூலிக்கும் அதிகாரமே அரசுக்கு இல்லாமல் போயிற்று.

வரி போய்விட்டது, டிக்கெட் விலை குறைய வேண்டும் அல்லவா? பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் உடனே தங்கள் அடிப்படைக் கட்டணத்தை அதே அளவுக்கு ஏற்றிவிட்டன. பயணி கட்டிய மொத்தம் மாறவில்லை. அரசுக்குப் போக வேண்டிய பணம் நிறுவனங்களிடம் தங்கியது. ஒரு சில நிறுவனங்கள் மட்டுமே வரிக் குறைப்பைப் பயணிகளுக்குக் கொடுத்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அடிப்படைக் கட்டணம் என்பது நிறுவனம் தன் செலவைக் கணக்கிட்டுச் சொல்லும் நேர்மையான எண், அதன் மேல் அரசு வந்து சுமையை ஏற்றுகிறது என்பதுதான் நிறுவனங்கள் வரைந்து காட்டும் படம். அந்த இரண்டு வாரங்களில் நடந்தது நேர்மாறானது. இந்தப் பாதையில் பயணி இவ்வளவு கொடுப்பார் என்ற மொத்தத் தொகையைத்தான் நிறுவனம் முதலில் தீர்மானிக்கிறது. அதில் வரி போக மிச்சமிருப்பதற்குத்தான் அடிப்படைக் கட்டணம் என்று பெயர். விலை வைக்கும்போது நிறுவனமே மொத்தத்தைத்தான் பார்க்கிறது என்றால், விலை சொல்லும்போது மட்டும் பயணி ஏன் வேறொரு எண்ணைப் பார்க்க வேண்டும்?

முழு விலையை முன்னால் காட்டினால் மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்களா என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மளிகைக் கடை ஒன்றில் சில பொருள்களுக்கு மட்டும் விற்பனை வரியையும் சேர்த்த விலைச் சீட்டுகளை ஒட்டிப் பார்த்தது 2009இல் வெளியான ஆய்வு ஒன்று. வரி எப்போதும் இருந்ததுதான், வாங்குபவர்களுக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அந்தப் பொருள்களின் விற்பனை சுமார் 8 சதவீதம் குறைந்தது. நிகழ்ச்சி டிக்கெட்டுகளை விற்கும் ஸ்டப்ஹப் தளத்தில் நடத்திய சோதனையில், கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணங்களைப் பார்த்தவர்கள், முதலிலேயே பார்த்தவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகச் செலவழித்தார்கள்.

விமான டிக்கெட்டைப் பற்றியே நேராக ஓர் ஆய்வு இருக்கிறது. செபாஸ்டியன் பிராட்லி, நவோமி ஃபெல்ட்மன் என்ற இரு பொருளியலாளர்கள் 2012 விதிக்கு முந்தைய கட்டணங்களையும் பிந்தைய கட்டணங்களையும் ஒப்பிட்டார்கள். வரி அதிகமுள்ள பாதைகளில், முழு விலையைக் காட்டத் தொடங்கிய பிறகு, வரிச் சுமையில் பயணிகள் மேல் விழும் பங்கு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. நிறுவனங்களின் டிக்கெட் வருவாயும் குறைந்தது. மறைவாக இருந்தவரை வரியைப் பயணியின் தலையில் முழுதாக வைக்க முடிந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் நிறுவனமும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டியதாயிற்று. விளம்பர எழுத்தின் இடத்தை மாற்றியதாலேயே பணம் கை மாறுகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நிறுவனங்கள் இவ்வளவு மூர்க்கமாக எதிர்த்ததற்கு இதுவே போதுமான விளக்கம் என்று கருதுகிறேன்.

பிற நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டின் 1008ஆம் எண் ஒழுங்குமுறையிலேயே இதைத் தீர்த்துவைத்தது. தவிர்க்க முடியாத, முன்கூட்டித் தெரியக்கூடிய எல்லா வரிகளும் கட்டணங்களும் சேர்ந்த இறுதி விலையை எப்போதும் காட்ட வேண்டும். அதன் உட்பிரிவுகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009 மே மாதத்திலிருந்தும் கனடாவில் 2012 டிசம்பரிலிருந்தும் இதே கொள்கை நடப்பில் இருக்கிறது.

'எப்போதும்' என்றால் எப்போது? இதற்கும் ஐரோப்பாவில் ஒரு வழக்கு நடந்தது. ஏர் பெர்லின் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒரு நாளுக்குரிய விமானங்கள் பட்டியலாக வரும். பயணி தேர்ந்தெடுத்த விமானத்துக்கு மட்டும் இறுதி விலை தெரியும். மற்றவற்றுக்கு வரி சேராத கட்டணம் மட்டுமே இருக்கும். ஜெர்மனியின் நுகர்வோர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. பட்டியலில் வரும் ஒவ்வொரு விமானத்துக்கும், விலை முதன்முதலில் திரையில் தோன்றும் கணத்திலிருந்தே, இறுதி விலைதான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015 ஜனவரி 15 அன்று தீர்ப்பளித்தது. மிகச் சரியான தீர்ப்பு. ஒப்பிடும் வேலை பட்டியலைப் பார்க்கும்போதுதான் நடக்கிறது. தேர்ந்தெடுத்த பின் தெரியும் விலை ஒப்பிட உதவாது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது அவற்றில் ஒன்று. அதற்கு அந்த ஆவணம் தரும் முதல் உதாரணமே விமான டிக்கெட்தான்: ஒரு பக்கத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் செலுத்தும்போது அதைவிடக் கூடுதலாக வாங்குவது.

பெட்டி யாருடைய விருப்பம்?

வரியைப் பற்றிய சண்டை ஓரளவு முடிந்துவிட்டது. இப்போது நடப்பது மூன்றாவது வகையைப் பற்றிய சண்டை. 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கு 15 டாலர் வாங்கத் தொடங்கியது. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன. 2010இல் ஸ்பிரிட் ஒரு படி மேலே போய், தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கும் கைப்பெட்டிக்கும் கட்டணம் விதித்தது. இதில் வரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது பலர் அறியாதது. அமெரிக்காவில் 7.5 சதவீத வரி பயணக் கட்டணத்துக்குத்தான். விருப்பச் சேவையாகத் தனியே விற்கும் பெட்டிக் கட்டணத்துக்கு இல்லை. கட்டணத்திலிருந்து ஒரு பகுதியைப் பிய்த்துப் பெட்டியின் மேல் வைத்தால் விளம்பர விலையும் குறைகிறது, வரியும் குறைகிறது.

இவற்றையும் விளம்பர விலைக்குள் சேர்க்க வேண்டுமா? இங்கே எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ஒரு தோள் பையோடு இரண்டு நாள் போய்வரும் மாணவர், தான் கொண்டுபோகாத பெட்டிக்கான விலையைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குப் பெட்டி உண்மையிலேயே விருப்பம்தான். குழந்தையோடு மூன்று வாரம் போகும் குடும்பத்துக்கு அது விருப்பம் என்று சொல்வது பொருளற்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல், ஸ்பெயின் நாட்டு விமான நிறுவனமான வூயலிங் தொடர்பான வழக்கில் ஒரு கோடு போட்டுப் பார்த்தது. அனுப்பும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். நியாயமான எடையும் அளவும் உள்ள கைப்பை பயணத்தின் பிரிக்க முடியாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. நடைமுறையில் எந்த அளவு நியாயமானது என்று நிறுவனங்கள் இன்றும் வாதாடுகின்றன என்றாலும், கோடு போட்ட இடம் சரியானது.

பெட்டிக் கட்டணத்தை விலைக்குள் கட்டாயமாகச் சேர்க்காவிட்டாலும், விலையைக் காட்டும் அதே திரையில் பெட்டிக்கு எவ்வளவு என்பதையும் காட்டச் சொல்வது நியாயமே. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 ஏப்ரலில் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, கைப்பெட்டி, பயணத்தை மாற்றுவது, ரத்து செய்வது ஆகியவற்றுக்கான கட்டணங்களை முதலிலேயே சொல்ல வேண்டும் என்றது அது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதை நிறுத்தி வைத்தது. அதே 2024 டிசம்பரில் மற்றொரு அமைப்பான கூட்டரசு வர்த்தக ஆணையம், நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த முழு விலையைத்தான் விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி வகுத்தது. அது 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கிறது. 2012இல் விமானத்துக்கு வந்த கொள்கை பதின்மூன்று ஆண்டுகள் கழித்து விடுதி அறைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அமெரிக்கத் தளங்களில் டிக்கெட் தேடுபவர்களுக்கு நடைமுறையாக இரண்டு விஷயங்கள். 'ஒவ்வொரு வழிக்கும்' என்று போட்டிருக்கும் விலை, போய்வரும் டிக்கெட் எடுத்தால் மட்டுமே கிடைக்கும் விலையின் பாதியாக இருக்கலாம்; போய்வர எடுத்தாக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அப்படிக் காட்ட அங்குள்ள விதி இடம் தருகிறது. அந்த நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ரசீதில் வரிகளின் வரிசையில் சர்சார்ஜ் என்ற சொல் இருந்தால் அந்தத் தொகையை நிறுவனத்தின் கட்டணத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். பயணத்தை ரத்து செய்தபின், பயன்படுத்தாத டிக்கெட்டின் வரியைத் திரும்பக் கேட்கும்போது எது அரசின் பணம், எது நிறுவனத்தின் பணம் என்பது தெரிந்திருந்தால்தான் சரியான தொகையைக் கேட்க முடியும்.